ரத்தத்திலும் இல்லாத மருந்து

மார்ச் 4

வாலுவுக்கு,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் ஒரு "ம்" சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு "ம்" என்று பதில் போட முடியாது. ஒரு வரியாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

நீ வெட்டி அனுப்பிய ஸ்லைடுகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. பெட்டியில் உலர்பனி கரையாமல் மிச்சம்கூட இருந்தது. வெட்டு ஒவ்வொன்றும் சுருக்கமோ கிழிசலோ இல்லாமல் கண்ணாடியில் படிந்திருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் உன்னை விட்டால் இப்படி வெட்ட ஆள் கிடையாது என்று எங்கள் தலைவரிடமே சொன்னேன். ஐஸ் வைப்பதாக நினைக்காதே. ஐஸ் வைக்கிற அளவுக்கு இப்போது நமக்குள் உறவு இல்லை என்பது எனக்கும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அத்தையிடம் யாராவது கேட்டால், "எடை போடுறா" என்று நீ குறுக்கே விழுந்து சொல்வாயே, அதைத்தான் இன்னும் செய்துகொண்டிருக்கிறேன். திசுவின் மெல்லிய வெட்டின் மேல் லேசர் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்புகிற மூலக்கூறுகளை மெஷின் எடை பார்க்கிறது. நாங்கள் தேடுகிற எடை எந்தெந்தப் புள்ளியில் இருக்கிறதோ அங்கே நிறம் போட்டால் படம் வந்துவிடும். ஒரே வெட்டில் கொழுப்புக்கு ஒரு படம், ரத்தத்துக்கு ஒரு படம், மருந்துக்கு ஒரு படம்.

நீ அனுப்பிய வெட்டில் மருந்துக்குப் படம் வரவில்லை. மூளைக்கட்டிக்கு நாங்கள் சோதித்துக்கொண்டிருக்கும் அந்த மருந்து எலியின் கட்டிக்குள் நன்றாகப் போனது. அதைப் படம் எடுத்தவளே நான்தான். மனிதத் திசுவில் பார்ப்பது இதுதான் முதல் தடவை, அதில் ஒரு புள்ளிகூட இல்லை. மாதக் கடைசியில் கூட்டம் இருக்கிறது. இது இப்படியே போனால், மனித மூளைக்குள் இந்த மருந்து நுழைவதில்லை என்று எழுதி ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற நோயாளிகளுக்கும் அதோடு கதவு சாத்தப்படும். உன் அண்ணன் சாப்பிட்டதும் இதே மருந்துதான் என்பதை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஒரே ஒரு கேள்வி. வெட்டிய பிறகு, பெட்டியில் வைப்பதற்கு முன்னால், அந்த ஸ்லைடுகளில் தண்ணீரோ ஆல்கஹாலோ பட்டதா? யோசித்துப் பதில் சொல்.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

ஒரு வருஷம் கழித்து ஒரு கடிதம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருப்பீர்கள், அண்ணன் துணிமணிகளை என்ன செய்தோம் என்று கேட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். பார்த்தால் ஸ்லைடு நனைந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை ஜெயிக்க ஆள் இல்லை.

நனையவில்லை. ஒரு சொட்டு படவில்லை. குளிர்ப்பெட்டிக்குள் கையை விட்டு, கத்தியில் வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, உலரவைத்து, மூடி, அனுப்பினேன். வெட்டும்போது திசுவைச் சுற்றிப் பசைகூட ஊற்றவில்லை. பசை பட்டால் உங்கள் மெஷினுக்குக் கண் தெரியாமல் போய்விடும் என்று கல்யாணமாகி வந்த புதிதில் சமையலறையில் நின்றுகொண்டு எனக்கு வகுப்பு எடுத்தீர்களே, மறக்குமா? இங்கே மற்றவர்களுக்கு வெட்டுகிற மாதிரி நான் உங்களுக்கு வெட்டுவதில்லை. கோபம் வேறு, வேலை வேறு.

யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டேதான் வெட்டினேன். எங்களுக்கு வருவது ஒரு எண் மட்டும்தானே. ஆனால் மூளை என்று வந்துவிட்டால் எனக்கு இப்போதெல்லாம் அண்ணன் ஞாபகம்தான். அந்த எண்ணுக்கும் வீட்டில் ஒரு தங்கை இருப்பாள்.

உங்கள் மருந்து அங்கே இல்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? உயிரோடு இருந்தவனையே அது காப்பாற்றவில்லை.

என்னை வாலு என்று எழுதாதீர்கள். அந்தப் பெயர் அண்ணன் வைத்தது. அவனோடு போயிற்று.

நாத்தனார்


மார்ச் 13

உனக்கு,

நீ சொன்னபடி அந்தப் பெயரை விட்டுவிட்டேன்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதல் கடிதத்தில் சொல்லாமல் விட்டேன். இனிச் சொல்லாமல் கேட்க முடியாது. நீ வெட்டிய அந்த எண் உன் அண்ணனுடையது. இரண்டாவது ஆபரேஷனில் எடுத்து உறையவைத்த திசு. இந்த மருந்து சாப்பிட்டவர்களில் கட்டியை வெட்டி எடுக்க நேர்ந்தது அவருக்கு மட்டும்தான், அதனால் அந்த எண் யாரென்று எனக்குத் தெரியும். முறைப்படி நான் அதைத் தொட்டிருக்கக் கூடாது. ஆனால் இங்கே இந்த மெஷினை ஓட்ட என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அங்கே சரியாக வெட்ட உன்னை விட்டால் ஆள் இல்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் உன் கை ஓடியிருக்காது.

இப்போது படத்தைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகப் படி. அவர் தினமும் இரண்டு மாத்திரை சாப்பிட்டார். வலிப்பு வராமல் இருக்க ஒன்று, கட்டிக்கு ஒன்று. இரண்டையும் காலையில் நான்தான் கொடுப்பேன். ஆபரேஷன் அன்று காலையிலும், திசுவில் மருந்து தெரிய வேண்டும் என்பதற்காக, டாக்டர் அனுமதித்த ஒரு மடக்குத் தண்ணீரோடு இரண்டையும் ஒரே நேரத்தில் என் கையால்தான் கொடுத்தேன். படத்தில் வலிப்பு மாத்திரை வெட்டு முழுக்கப் பரவி இருக்கிறது. கட்டி மருந்து எங்கேயும் இல்லை.

மூளைக்கு ஒரு தடுப்புச் சுவர் உண்டு, பல மருந்துகள் அதைத் தாண்டாது என்று உனக்கும் தெரியும். தாண்டவில்லை என்றால் சுவருக்கு இந்தப் பக்கமாவது நிற்க வேண்டாமா? வெட்டுக்குள் ஓடுகிற ரத்தக்குழாய்கள் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றுக்குள் உறைந்திருக்கும் ரத்தத்திலும் அது இல்லை. உடம்பு அதை உடைத்திருந்தால் உடைந்த துண்டுகளாவது இருக்கும். அவையும் இல்லை. அந்த மருந்து அவர் உடம்புக்குள்ளேயே போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்று எடுத்த ரத்தம் இருந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். வார்டிலிருந்து அந்த ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே கொண்டுபோனது நீ. கை தவறி விழுந்து உடைந்துவிட்டது என்று சொன்னாய். நான் அப்போது இருந்த நிலையில் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

அவர் அந்த மாத்திரையை விழுங்கினாரா? உனக்கு ஏதாவது தெரியுமா?

அண்ணி


மார்ச் 16

அண்ணிக்கு,

உங்களுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா?

என் அண்ணனை என் கையாலேயே வெட்ட வைத்திருக்கிறீர்கள். குளிர்ப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு, பக்கத்து மேஜைக்காரியிடம் அவளுடைய மாமியார் கதை கேட்டுச் சிரித்துக்கொண்டே வெட்டினேன். நடுவில் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன். அவன் அங்கே கத்திக்குக் கீழே இருந்திருக்கிறான். இதைத் தெரிந்துகொண்டே எனக்கு ஒரு எண்ணை அனுப்பிவிட்டு, வெட்டு அழகாக இருக்கிறது என்று பாராட்டி வேறு எழுதியிருக்கிறீர்கள். கூடவே இருந்து கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான். கை ஓடியிருக்காதாம். ஓடாமல் போகட்டுமே, ஓட வேண்டும் என்று என்ன கட்டாயம்?

நேற்று வேலைக்குப் போகவில்லை. இன்று போனேன், அந்தக் கத்தியைத் தொட முடியவில்லை.

இப்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது. அன்று நான் உங்களுக்கு வெட்டுகிற முறையில் வெட்டவில்லை. எங்கள் டாக்டர்களுக்கு வெட்டுகிற வழக்கத்தில், வெட்டினவுடன் ஸ்லைடுகளை ஆல்கஹாலில் முக்கி எடுத்துவிட்டேன். பழக்கதோஷம். போன கடிதத்தில் உங்கள் மேலிருந்த கோபத்தில் யோசிக்காமல் நனையவில்லை என்று எழுதிவிட்டேன். மருந்து அதிலே கழுவிப் போயிருக்கும். தப்பு என்னுடையது. கூட்டத்தில் அப்படியே சொல்லிவிடுங்கள், வெட்டியவள் கழுவிவிட்டாள், இந்த வெட்டு செல்லாது என்று. மருந்தை மூட மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

இதற்கு மேல் அவனைத் தோண்டாதீர்கள்.

நாத்தனார்


மார்ச் 19

உனக்கு,

திட்டு. நீ திட்டுவதில் நியாயம் இருக்கிறது. அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஆனால் கழுவியதாகச் சொன்னாயே, அதற்குப் பதில் இருக்கிறது. ஆல்கஹாலில் முக்கினால் கட்டி மருந்து போகும். சரி. அதற்கு முன்னால் வலிப்பு மாத்திரை போகும். உப்பு போகும், கொழுப்பில் பாதி போகும். வலிப்பு மாத்திரைதான் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் கரைவது. அது நீ அனுப்பிய வெட்டில் ஓரம் முதல் ஓரம் வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு மாத்திரையை மட்டும் தேடிப் பிடித்துக் கழுவி, இன்னொன்றைத் தொடாமல் விடுகிற ஆல்கஹால் உங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் எனக்கும் ஒரு பாட்டில் அனுப்பு.

நீ கழுவவில்லை. முதல் கடிதத்தில் எழுதியதுதான் நிஜம். நான் கேட்டதும் பயந்துபோய் இல்லாத தப்பை உன் தலையில் ஏற்றிக்கொள்கிறாய். உன் வேலையை நீயே கெடுத்துக்கொண்டதாக நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. பெரிய எதையோ மறைக்காமல் உன் வாயிலிருந்து அது வராது. சந்தேகத்தோடு இருந்தேன், உன் கடிதத்தைப் படித்த பிறகு சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவர் விழுங்கவில்லை. அது உனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கண்ணாடிக் குழாயும் உடைந்தது.

நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்? இந்த வீட்டில் நீதான் எனக்கு முதலில் வாய்த்த துணை. அத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்காகப் பேசியவள் நீ. என் வீட்டுக்காரரும் நீயும் என் முதுகுக்குப் பின்னால் கண்ணைக் காட்டிக்கொண்டு, என்னை மட்டும் தினமும் காலையில் மாத்திரையோடு நிற்க வைத்திருக்கிறீர்கள்.

அந்த மழைக்காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். மருந்து ஆரம்பித்த முதல் மாதம் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார், நாக்கு குழறியது, ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்புச் சொன்ன குரல் காணாமல் போயிருந்தது. இரண்டாம் மாதம் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, எதிர்பார்க்கப்பட்ட மனைவி தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்" என்று அறிவிப்பார். தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருவோம். மருந்து வேலை செய்கிறது என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். அவருடைய டாக்டரிடம் சொன்னேன், எங்கள் தலைவரிடம் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே நான் நிம்மதியாக இருந்த நாட்கள் அவைதான். அப்போதும் அவர் அதை விழுங்கிக்கொண்டிருந்தாரா, இல்லையா?

பொய்யான காரணத்தைக் காட்டி மருந்தைக் காப்பாற்ற எனக்கு விருப்பம் இல்லை. காத்திருப்பவர்களுக்கு உண்மைக் காரணம் வேண்டும். கூட்டம் இருபத்தெட்டாம் தேதி. அதற்குள் எழுது.

அண்ணி


மார்ச் 23

அண்ணிக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

விழுங்கவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்தே விழுங்கவில்லை. வலிப்பு மாத்திரையை மட்டும் விழுங்குவான். மற்றதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, நீங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் வரை சிரித்துக்கொண்டிருப்பான். பிறகு துப்பிவிடுவான். எனக்கு அது தெரிந்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் பரிசோதனைக்கு வந்தவனை எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு அழைத்துப்போனேன். பழைய அண்ணனாகப் பேசினான். உங்கள் மருந்து நல்ல மருந்துதான் என்று சொன்னேன். சிரித்தான். எனக்குப் பயமாகிவிட்டது, விடாமல் நச்சரித்தேன். அப்போதுதான் சொன்னான்.

முதல் மாதக் கடைசியில் ஒரு நாள், நீங்கள் கொடுத்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே விழுங்க மறந்துவிட்டானாம். அன்று சாயங்காலம் தூக்கம் அவனை அமுக்கவில்லை, நாக்கு குழறவில்லை, நீங்கள் வந்தபோது விழித்திருந்தான். அடுத்த நாள் வேண்டுமென்றே போடவில்லை. "அவ ஏழு மணிக்கு வர்றா. அந்த மாத்திரையப் போட்டா நான் அஞ்சு மணிக்கே செத்துப்போயிடறேன். இருக்கிறதே கொஞ்ச நாள், அதுல அவளோட பேச வேணாமா?" என்றான். உங்களிடம் சொல்லச் சொன்னேன். "சொன்னா அழ மாட்டா. ஏன்னு கேப்பா, எப்போ நிறுத்தினேன்னு கேப்பா, டாக்டருக்குப் போன் போடுவா. மறுநாள்லேர்ந்து பக்கத்துல உக்காந்து முழுங்க வைப்பா. அவளுக்கு நான் பொழைக்கணும். எனக்கு அவ வேணும்" என்றான். நான் என்ன செய்வேன், அண்ணி? அவன் என் அண்ணன். என்னிடம் அவன் எதையும் கேட்டதே இல்லை. வாயை மூடிக்கொள் என்று அதை மட்டும்தான் கேட்டான்.

ஆபரேஷன் அன்று நீங்கள் கையெழுத்துப் போடப் போயிருந்தபோது நான் உள்ளே போனேன். மாத்திரை அவன் கன்னத்தில்தான் இருந்தது. இன்றைக்காவது விழுங்கித் தொலை என்று கெஞ்சினேன். "இன்னிக்கு மட்டும் முழுங்கி, அது படத்துல தெரிஞ்சா, இத்தனை மாசமா நான் நல்லா இருந்ததுக்கு மருந்துதான் காரணம்னு எழுதிடுவா. அவ வேலையில என்னால ஒரு பொய் ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டு அதை என் கையில் துப்பினான். மாத்திரை இல்லாமல் போனாலும் அங்கே ஒரு பொய்தான் ஏறும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. கட்டியை எடுத்ததும் தானே உங்களிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னான். ஆபரேஷனுக்குப் பிறகு அவனுக்குப் பேச்சு வரவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி வரை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தானே, இதுவாகத்தான் இருக்கும்.

ரத்தம் இருந்த அந்தக் கண்ணாடிக் குழாய் கை தவறி விழவில்லை. நான்தான் போட்டேன்.

அவன் போன பிறகு நான் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தேன். ஈரம் காய்வதற்குள் நீங்கள் வெளியூர் மாற்றல் என்று மூட்டை கட்டினீர்கள். வாசலில் நின்று, "மருந்து இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிடைச்சிருந்தா பொழைச்சிருப்பார்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். எனக்கு எரிந்தது. உங்கள் மருந்தைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று விட்டுவிட்டேன். அது அண்ணனுக்காக மறைத்தது இல்லை, உங்கள் மேலிருந்த கோபத்தில் மறைத்தது.

கூட்டத்துக்கு என்ன வேண்டுமோ அதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். குழாயை உடைத்ததையும் எழுதியிருக்கிறேன். வேலை போனால் போகட்டும்.

நாத்தனார்


மார்ச் 25

உனக்கு,

தாள் கிடைத்தது. கூட்டத்தில் கொடுத்துவிடுவேன். அதில் எழுதியிருப்பதை ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன். அந்தத் திசு என் கணவருடையது என்பதையும் சொல்லிவிடப்போகிறேன்.

உன் கடிதத்தைப் படித்தால் அவர் என் மேல் வைத்திருந்த பிரியம் தெரியும் என்று நீ நினைத்திருப்பாய். மூன்று தடவை படித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். என் வீட்டில் நான் சாப்பிட்ட மேஜையில், எனக்கு மிகவும் வேண்டிய இரண்டு பேர் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. எல்லோரும் என்றால் என்ன, அவரும் நீயும்தான். எனக்கு அவ்வளவுதானே எல்லோரும்.

அந்தச் சாயங்காலங்களை எனக்காகவே வாங்கிக் கொடுத்ததாகச் சொல்கிறாய். வாங்கினவர் என்னிடம் விலையைச் சொல்லவில்லையே. தெரு முனை வரை நடந்தபோதெல்லாம் நான் அவரைப் பார்க்கவே இல்லை. கால் இழுக்கிறதா, சொல் குழறுகிறதா, நேற்றைவிட இன்று தேவலையா என்று மருந்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஜோக் அடித்தால், பேச்சு மையம் நன்றாக இருக்கிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். என்னோடு பேசுவதற்காகத்தான் விழித்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் அவரோடு பேசியிருப்பேன். என்னைக் கேட்காமலேயே எனக்கு ஒரு பரிசைக் கொடுத்து, அது பரிசு என்பதையும் மறைத்துவிட்டீர்கள். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? தெரியாது. பிழைத்திருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்லவும் என்னால் முடியாது. சாகும் வரை இதைத் தெரிந்துகொள்ள முடியாதவளாக என்னை ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மேல் எனக்கு இப்போது வருகிற கோபத்துக்கு அவர் உயிரோடு இருந்தால் வீட்டை விட்டே போயிருப்பேன். செத்தவரோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால் எல்லாம் உன் தலையில் விழுகிறது. அது நியாயம் இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒரு எண்ணை மட்டும் அனுப்பியது நான் செய்த துரோகம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

என்னையும் விசாரித்தார்கள். உங்கள் ஊரிலிருந்து தகவல் வந்துவிட்டதாம். மேலதிகாரி அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டார்கள், ஒன்றும் மறைக்கவில்லை. வேலை போகவில்லை. ஆனால் வெட்டும் அறைக்குள் இனி நான் நுழையக் கூடாது. வாசல் கவுன்டரில் உட்கார்ந்து, ரிப்போர்ட் வாங்க வருபவர்களுக்குக் கவரை எடுத்துக் கொடுக்கிறேன். பக்கத்து மேஜைக்காரிதான் இப்போது வெட்டுகிறாள். அவள் வெட்டினால் காய்ந்த இலை மாதிரி உதிர்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவன்தான் சொல்லல, நீயாவது சொல்லியிருக்கலாமேடி. அவ தாலி கட்டிக்கிட்டவதானே" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உங்களோடு பேச வேண்டும் என்கிறாள். நீங்கள் போன் செய்தால் அவளிடம் கொடுக்கிறேன், நான் பேச மாட்டேன்.

கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மருந்து என்ன ஆயிற்று? நான் சொன்னதை நம்பினார்களா?

லீவு இருக்கிறது. ரயில் ஏறினால் மறுநாள் காலையில் அங்கே இருப்பேன். திட்டுவதாக இருந்தால் நேரில் திட்டுங்கள், நின்று கேட்டுக்கொள்கிறேன். வரட்டுமா?

நாத்தனார்


ஏப்ரல் 7

உனக்கு,

மருந்து பிழைத்துவிட்டது. உன் அண்ணனுடைய வெட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்கு அடுத்த மாதம் ஆரம்பிக்கிறார்கள். இனி மாத்திரையை நர்ஸ்தான் கொடுப்பாளாம், விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வாளாம். வீட்டு மனிதர்களைக் கொடுக்கவிட மாட்டார்கள். என் கணவர் என்று நான் சொல்லாமல் மறைத்ததற்காக இந்த ஆராய்ச்சியிலிருந்து என்னையும் எடுத்துவிட்டார்கள். மெஷினை ஓட்ட வெளியூரிலிருந்து ஆள் வருகிறார். அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நான் தாவர இலைகளை எடை போடப் போகிறேன்.

அத்தைக்கு நாளைக்குப் போன் செய்கிறேன்.

நீ வர வேண்டாம். உன்னை வாசலில் பார்த்தால் எனக்கு என்ன தோன்றும் என்று எனக்கே தெரியவில்லை. என்றைக்காவது தெரிந்தால் நானே எழுதுகிறேன்.

நீ கேட்டாயே, நம்பினார்களா என்று. சுலபமாக நம்பவில்லை. வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் டாக்டர், நான் காட்டிய உன் கடிதங்களைப் பற்றி விவரமாகக் கேட்டார். வெட்டு நனையவில்லை என்று முதலில் சொன்னதும் நீ, ஆல்கஹாலில் முக்கியதாக அடுத்துச் சொன்னதும் நீ, நோயாளி விழுங்கவே இல்லை என்று கடைசியில் எழுதியதும் நீ. அத்தோடு ஆதாரமாக இருந்த ரத்தத்தை உடைத்ததும் நீ. படம் சந்தேகத்தைத்தான் கிளப்புகிறது, அவர் விழுங்கவில்லை என்பதற்கு இந்தப் பெண்ணின் வாய்ச்சொல்லைத் தவிர எதுவும் இல்லை என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உங்க வீட்டுப் பெண்தானே, உங்களுக்கு அவங்களைப் பல வருஷமாத் தெரியும். அவங்க சொல்றதை நம்பலாமா?" என்று கேட்டார்.

காத்திருக்கிற நோயாளிகளின் பெயர்கள் மேஜை மேல் இருந்தன. அவர் விழுங்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் டாக்டர் கேட்டது உன்னைப் பற்றி. தண்ணீர் குடித்தேன். அப்புறம், "நம்பலாம்" என்றேன். இத்தனை வருஷத்தில் இந்த வேலையில் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

அண்ணி